கண்ணை மூடச் சொல்லாத யோகா

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வழக்கமாக நான் எழுதுவது புனே மழை, லோணாவளா சிக்கி, மராத்தி பேசுகிறேன் பேர்வழி என்று காய்கறிக்காரரிடம் மாட்டிக்கொண்ட கதை, இந்த மாதிரிதான். இது கொஞ்சம் கனமான விஷயம். நீளமும் அதிகம். காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

2011ல் நாங்கள் வாடகைக்கு இருந்த சொசைட்டியில், எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தது. அந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். இந்தி நாலு வார்த்தை தெரியும், மராத்தி சுத்தமாகத் தெரியாது. ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் தெரியுமே, படிக்கட்டில் தமிழ்க் குரல் கேட்டால் வருகிற சந்தோஷம்! கறிவேப்பிலை, இட்லி மாவு, தீபாவளிப் பலகாரம் என்று போக்குவரத்து ஆரம்பித்தது.

அவர் வீட்டுக்காரர் நல்ல வேலையில் இருந்தார். லிஃப்டில் பார்த்தால் மரியாதையாக விசாரிப்பார். ராத்திரியில் மேலே கேட்கும் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒருநாள் மாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அக்காவின் மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. "குக்கர் மூடி பட்டுட்டும்மா" என்றார். குக்கர் மூடி மணிக்கட்டைச் சுற்றிப் படாது. எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, கீழே கிளப் ஹவுஸ்ல காலைல யோகா கிளாஸ் நடக்குது. வாங்களேன், மனசு லேசாகும்" என்றேன்.

வந்தார். மூன்றே நாள். மூன்றாம் நாள் கடைசியில் சவாசனம். மாஸ்டர் விளக்கை அணைத்துவிட்டு "டோளே பந்த் கரா" என்றார். கண்ணை மூடச் சொல்கிறார் என்று நான்தான் அக்காவுக்கு மெல்லச் சொன்னேன். அவர் ஒவ்வொருவராகத் தோளை அமுக்கித் தளர்த்திக்கொண்டே வந்தார். அக்காவின் தோளில் கை பட்டதும் ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை, மூச்சு உள்ளேயே அடைத்துக்கொள்கிற சத்தம். எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் படியேறிப் போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. மாஸ்டர் மேல் தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. "முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்றார். அக்காவுக்குப் பயந்த சுபாவம் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று காலையில் நடந்தது என்ன என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அடிபட்ட மனசுக்கு யோகா நல்லது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, அதற்காக யோகாவே எப்படி மாறவேண்டி வந்தது என்று தேடித்தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோதனைக்கூடத்துக்கு வந்த யோகம்

யோகம் நமக்குப் புதிதில்லை. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைத்தான் பேசுகிறது. பழைய யோக நூல்களில் நோய் தீரும் என்ற பேச்சும் உண்டு. ஆனால் ஒரு நோயாளியை உட்காரவைத்து, பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்து, "இது மருத்துவம்" என்று சொல்கிற பழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அது பிறந்த இடம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்!

1918ல் மும்பையின் வெர்சோவா கடற்கரையில் ஸ்ரீ யோகேந்திரர் 'தி யோகா இன்ஸ்டிட்யூட்' தொடங்கினார். துறவிகளுக்காக இல்லை, வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற சாதாரண ஜனங்களுக்காக. 1924ல் சுவாமி குவலயானந்தர் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். அதே வருஷம் 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் ஆரம்பித்தார். வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியான பந்தத்தின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மனிதர் அவர். (சிக்கி வாங்கப் போகும்போது நாம் தாண்டிப் போகிற அதே கைவல்யதாமம்தான்.)

தெற்கே மைசூரில், மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார் டி. கிருஷ்ணமாச்சாரியார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். அவருடைய கண்டிப்பைப் பற்றி அவருடைய மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். ஐயங்காரே பிற்காலத்தில் நிறையச் சொல்லியிருக்கிறார். 1937ல் அந்த ஐயங்கார் எங்கள் புனேவுக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை.

சரி, பெண்கள் எங்கே? இதோ வருகிறார்கள். யோகேந்திரரின் மனைவி சீதா தேவி 1934ல் பெண்களுக்கான யோகப் பயிற்சி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ரீகாவில் பிறந்த ஐரோப்பியப் பெண் இந்திரா தேவி மைசூருக்கு வந்து நின்றபோது, கிருஷ்ணமாச்சாரியார் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகுதான் 1938 வாக்கில் அவருக்குப் பாடம் கிடைத்தது. அந்த அம்மா 1947ல் ஹாலிவுட்டில் யோகா பள்ளியே திறந்துவிட்டார்! புனேயில் ஐயங்கார் தன் மனைவி ரமாமணி பெயரில் 1975ல் யோக நிலையம் திறந்தார். அவர் மகள் கீதா ஐயங்கார் பெண்களுக்காக எழுதிய புத்தகம் 1983ல் ஆங்கிலத்தில் வந்து உலகம் சுற்றியது.

மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிறகான உடம்பு, மன அமைதி என்று இவர்கள் பெண்களுக்காகச் செய்தது பெரிய காரியம். ஆனால் வீட்டுக்குள்ளேயே அடிவாங்குகிறவளை மனதில் வைத்து அமைந்த வகுப்புகள் இல்லை அவை. வகுப்பின் வடிவமும் கவனிக்க வேண்டியது. ஆசிரியர் சொல்வார், மாணவர் செய்வார். தப்பாகச் செய்தால் ஆசிரியர் கை வைத்துத் திருத்துவார். "கையைத் தூக்கு, மூச்சை இழு, நிறுத்து, கண்ணை மூடு" எல்லாமே ஏவல் வினை. பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு பிரச்னையும் இல்லை.

இந்த வடிவத்தில் ஒரு நல்ல திருப்பம் நம் சென்னையில் நடந்தது. 1950களில் சென்னைக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் போலக் கூட்டமாக இல்லாமல் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயது, நோய், மூச்சுக்குத் தகுந்தபடி பாடத்தையே மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்ததும் அதுதான். ஆளுக்கு ஏற்ற யோகா, யோகாவுக்கு ஏற்ற ஆள் இல்லை.

காயத்துக்குப் பெயர் கிடைத்த கதை

இப்போது கதையை வேறு பக்கமிருந்து பார்க்க வேண்டும். யோகா ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குள் விழுகிற அடிக்கு ஒரு பெயரே இல்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழி மட்டும் இருந்தது.

1971ல் லண்டன் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்பவர், அடிவாங்கிய பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்க ஒரு வீட்டைத் திறந்தார். கொஞ்ச நாளில் வீடு நிரம்பி வழிந்தது. இந்தியாவில் 1970களின் கடைசியில் வரதட்சிணைச் சாவுகளை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமை குற்றம் என்று முதல்முறையாகத் தனிப் பிரிவு. (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85ஆம் பிரிவு.)

டாக்டர்கள் பக்கம் என்ன நடந்தது? வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் வருஷக்கணக்காகத் தூங்க முடியாமல், சின்னச் சத்தத்துக்கும் துள்ளிக்கொண்டு கிடந்தார்கள். அதற்கு 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் சொன்னால் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய். 1992ல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் ஒரு புத்தகத்தில் எழுதியதுதான் என்னை உலுக்கியது. போர்க்களத்தில் சிப்பாய்க்கு ஏற்படுகிற அதே காயம்தான் வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண்ணுக்கும் ஏற்படுகிறது என்றார். அதோடு, ஒரே ஒரு விபத்தால் வருகிற அதிர்ச்சி வேறு, தப்பிக்க வழியில்லாமல் தினம் தினம் அனுபவிப்பதால் வருகிற அதிர்ச்சி வேறு என்றும் பிரித்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டாவது வகையைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டு, அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022ல். முப்பது வருஷம் ஆகியிருக்கிறது!

இந்த நோயில் உடம்புக்கு என்ன ஆகிறது? ஆபத்து வந்தால் இதயம் படபடக்கும், தசை இறுகும், மூச்சு மேலே ஏறும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. இரண்டும் முடியாவிட்டால் உறைந்துபோகும். ஆபத்து போனதும் இது அடங்க வேண்டும். ஆனால் ஆபத்து அதே வீட்டில், அதே படுக்கையில் இருந்தால்? வாசலில் சாவி திரும்புகிற சத்தம், பின்னாலிருந்து வருகிற காலடி, தோளில் படுகிற கை எல்லாமே அபாயச் சங்குதான். வருஷங்கள் கழித்து, வேறு ஊரில், வேறு வீட்டில் இருந்தாலும் உடம்பு அந்தச் சங்கை நிறுத்துவதில்லை. சிலருக்கு எதிர்ப்பக்கம். வலியைத் தாங்குவதற்காக உடம்பை உணராமலே இருக்கப் பழகிவிடுவார்கள். பசி தெரியாது, சூடு தெரியாது.

இருட்டு, மூடிய கண், மல்லாந்து படுத்த உடம்பு, முன்பின் தெரியாத ஆணின் கை. எங்கள் கிளப் ஹவுஸில் அக்காவுக்கு நாங்கள் கொடுத்தது இதைத்தான்.

இரண்டு ஆறுகள் சேர்ந்த இடம்

மன நோய்க்கு மூச்சுப் பயிற்சி உதவுமா என்று இந்தியாவிலேயே ஒழுங்காகச் சோதித்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் கடுமையான மனச்சோர்வால் சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின் அதிர்வு சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்கு சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி. 2000ல் வெளிவந்த முடிவில் மின் அதிர்வு சிகிச்சைதான் முதலிடம். ஆனால் மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு ஏறக்குறைய சமமாக நின்றது.

2004 சுனாமி நமக்கெல்லாம் மறக்காது. அது நடந்து ஒரு மாதம் கழித்து, ஷெர்லி டெல்லஸ் தலைமையில் ஆய்வாளர்கள் அந்தமான் முகாமில் தப்பிப்பிழைத்த 47 பேருக்கு ஒரு வாரம் யோகா கற்றுக்கொடுத்தார்கள். பயம், பதற்றம், துக்கம், தூக்கமின்மை குறைந்ததாக 2007ல் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க யோகா செய்யாத குழு இல்லை என்பது அதன் குறை. ஆனாலும் பேரதிர்ச்சிக்கும் யோகாவுக்கும் முடிச்சுப் போட்ட ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

குறிப்பாகக் கணவனால், துணையால் அடிபட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு 2008ல் வந்தது. 40 பெண்கள், நான்கு குழுக்கள். ஒரு குழு நடந்ததை வாய்விட்டுச் சொன்னது. ஒரு குழு யோக மூச்சுப் பயிற்சி செய்தது. ஒரு குழு இரண்டும் செய்தது. இன்னொன்று எதுவும் செய்யவில்லை. மனச்சோர்வு அதிகமாகக் குறைந்தது எந்தக் குழுவில்? இரண்டும் செய்தவர்களிடம். மூச்சு மட்டும் போதாது, அந்தப் பெண் சொல்வதை யாராவது கேட்கவும் வேண்டும். இதை நான் இரண்டு தடவை படித்தேன். என் அக்காவிடம் நான் மூச்சைக் கொடுத்தேன், காதைக் கொடுக்கவில்லை.

பெரிய திருப்பம் பாஸ்டன் பக்கம் நடந்தது. அங்கே பெஸ்ஸெல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் நடத்திய மையத்தில், 2003 வாக்கில் டேவிட் எமர்சன் என்ற யோகா ஆசிரியர் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென்றே வகுப்பை மாற்றி அமைக்க ஆரம்பித்தார். 2014ல் அதன் சோதனை முடிவு வந்தது. பல வருஷம் சிகிச்சை எடுத்தும் குணமாகாத 64 பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம் யோகா. மீதிப் பேருக்கு அதே நேர அளவில் பெண்கள் நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவில் 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய் என்று சொல்கிற அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்றக் குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி. பாதி வழி வரை இரண்டு குழுவும் தேறின. அப்புறம் யோகா குழு தாக்குப்பிடித்தது, மற்றது சறுக்கியது.

அப்படி என்ன மாற்றினார்கள்?

ஆசனத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற எளிய அசைவுகள்தான். மாறியது வகுப்பின் வடிவம்.

1. ஆசிரியர் யாரையும் தொடுவதில்லை. திருத்துவதற்கும் தொடுவதில்லை.

2. கண்ணை மூடு என்ற கட்டளை கிடையாது. மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். விளக்கு எரியும். கதவு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் பின்னால் வந்து நிற்பதில்லை.

3. ஏவல் வினையே இல்லை. "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பார்க்கலாம், பாதி உயர்த்தினாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி" என்றுதான் பேச்சு. தமிழில் 'லாம்' விகுதி இதற்காகவே பிறந்த மாதிரி இல்லை?

4. அழகாக நிற்கிறோமா என்பது கணக்கில்லை. பாதத்துக்கு அடியில் தரை தெரிகிறதா, தோள் இழுக்கிறதா என்று கவனிப்பது மட்டும்தான். தொலைந்துபோன உடம்புணர்வு அப்படித்தான் திரும்பி வருகிறது.

5. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். எழுந்து போகலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அடிக்கிற வீட்டில் ஒரு பெண்ணிடமிருந்து முதலில் பறிபோவது என்ன? எப்போது தூங்குவது, என்ன உடுத்துவது, யாரிடம் பேசுவது என்கிற தீர்மானம். அவள் உடம்பு அவள் சொன்னபடி இல்லை. அப்படிப்பட்டவளை இன்னொருவர் சொன்னபடி வளைய வைத்தால் அது மருந்தாகுமா? கையை உயர்த்துவதா வேண்டாமா என்ற அந்தச் சின்னத் தீர்மானம்தான் இங்கே மருந்து. சென்னையில் தேசிகாச்சார் ஆளுக்கு ஏற்ற யோகா என்றார். பாஸ்டனில் அந்த ஆளே தீர்மானிக்கட்டும் என்றார்கள்.

வேடிக்கை பாருங்கள், அதே 2014 டிசம்பரில்தான் ஐ.நா. சபை ஜூன் 21ஐ யோகா தினமாக அறிவித்தது. அடுத்த வருஷம் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே குரலுக்கு ஒரே ஆசனம் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடிபட்டவளுக்கு வேண்டியது அந்த மைதானம் இல்லை. ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும் ஒரு வெளிச்சமான அறை.

'துணை' என்ற சொல்

இவ்வளவு எழுதியதால் யோகா எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பெயரே துணை சிகிச்சை. 2018ல் இந்த நோய்க்கான யோகா பற்றி அதுவரை வந்த 7 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமே 284 பேர். பலன் தெரிகிறது, ஆனால் சான்று பலமாக இல்லை என்றார்கள். 2023ல், ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான முன்னாள் அமெரிக்க வீராங்கனைகளிடம் செய்த சோதனையில் இந்த யோகா, பேச்சுவழி மனநல சிகிச்சைக்குச் சமமாக நின்றது. பாதியில் விடாமல் முடித்தவர்களும் யோகா பக்கம்தான் அதிகம். ஆக, வழி நல்ல வழிதான். ஆனால் மனநல மருத்துவரை விட்டுவிட்டுப் போகிற வழி இல்லை. எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிற வழியும் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஹெர்மன் குணமாவதற்கு மூன்று கட்டம் சொல்கிறார். முதல் கட்டம் பாதுகாப்பு. அதற்குப் பிறகுதான் நினைத்து அழுவது, பிறகு மறுபடி உலகத்தோடு சேர்வது. அடி இன்னும் விழுந்துகொண்டிருக்கிற வீட்டில் இருப்பவளிடம் "பிராணாயாமம் செய், மனசு அடங்கும்" என்றால் அது "அனுசரித்துப் போம்மா" என்று நம் பாட்டிகள் சொன்னதற்குப் புது உறை போட்டதுதான். அவள் மனசு அடங்காமல் இருப்பதில் தப்பே இல்லை. அபாயம் இருக்கும்போது சங்கு ஊதத்தான் வேண்டும்!

நம் ஊர்ப் பெண்கள் விவரமானவர்கள், நமக்கெல்லாம் இது நடக்காது என்று நினைக்கிறீர்களா? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரை விட்டு வந்தவளுக்கு நிலைமை இன்னும் மோசம். கோபித்துக்கொண்டு போகத் தாய்வீடு பக்கத்தில் இல்லை. போலீஸில் பேச பாஷை இல்லை. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில், பேங்க் கணக்கு அவர் பெயரில்.

அதனால் ஆசனத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 2005ல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழும் அந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவும் பண உதவியும் கேட்கலாம். புனேயில் நடந்ததற்குப் புனேயிலேயே மனு போட வேண்டும் என்றில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம், அது திருநெல்வேலியாக இருந்தாலும் சரி. 498ஏ வழக்கையும் அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே தொடுக்கலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, அதில் தமிழிலும் பேசலாம். மும்பையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000ல் தொடங்கிய 'திலாசா' மையம், அடிபட்டு சிகிச்சைக்கு வருகிற பெண்களுக்கு அந்த மருத்துவமனையிலேயே ஆலோசனை கொடுப்பதற்காக வந்தது. மராத்தி, இந்தியில் திலாசா என்றால் ஆறுதல்.

அக்கா

அந்தக் குடும்பம் 2013ல் வீடு மாறிப் போனது. அதற்கு அடுத்த வருஷம் அக்காவின் தம்பி ஊரிலிருந்து வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். நான் எதுவும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தம்பி வந்தார், அவ்வளவுதான். திருநெல்வேலியிலேயே வழக்குப் போட்டார்கள். இப்போது அக்கா பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார்.

போன பொங்கலுக்கு நம்பர் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், அன்றைக்கு அந்த யோகா கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார். அங்கே ஒரு ஆலோசனை மையத்தில் ஒரு டீச்சரம்மா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாராம். இன்னும் விடாமல் செய்கிறாராம்.

"கண்ண மூட மாட்டேம்மா. வாசலப் பாத்து உக்காந்துக்கிடுவேன். பத்து மூச்சு எண்ணுவேன். சில நாளு ஏழுலயே நிறுத்திருவேன். யாரும் கேக்கதுக்கு இல்ல பாத்தியா?" என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார். "நீ அன்னிக்கு யோகாவுக்கு வாங்கன்னு சொன்னப்ப, உனக்குத் தெரிஞ்சிட்டுன்னு நெனச்சேன். நீயா ஏதாவது கேப்பன்னு ரெண்டு நாளு பாத்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது இருக்கிற சொசைட்டியிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருக்கின்றன. புதிதாக யாராவது குடிவந்தால் மாவு கொடுக்கிற சாக்கில் போய், என் நம்பரை அந்த வீட்டுப் பெண்ணின் போனிலேயே பதிந்துவிட்டு வருகிறேன். "ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கதவைத் தட்டுங்க, காரணம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். யோகா கிளாஸ் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்கிறேன்.